லோமன் வீட்டுக்குள் நுழையும் வழி: ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ படிப்பவர்களுக்கு

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை முதன்முறை கையில் எடுப்பவர்கள் தொடக்கத்திலேயே தடுமாறுவது இயல்பு. 63 வயதான விற்பனைப் பிரதிநிதி வில்லி லோமன், புரூக்ளினில் உள்ள தம் வீட்டில் நள்ளிரவில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மாடியில் படுத்திருந்த 34 வயது மூத்த மகன் பிஃப், சில பக்கங்களுக்குள் பள்ளி மாணவனாகிக் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஆகவே உரையாடலுக்கு முன் வரும் மேடைக் குறிப்பைத் தாண்டிச் செல்லாமல் நிதானமாகப் படியுங்கள். நிகழ்காலக் காட்சிகளில் பாத்திரங்கள் மேடையில் கற்பனையாக உள்ள சுவர்க்கோடுகளை மதித்து வாசல் வழியாகவே வருவார்கள். கடந்தகாலக் காட்சிகளில் சுவர்களின் ஊடாகவே நடந்து மேடையின் முன்பகுதிக்கு வந்துவிடுவார்கள். 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் எலியா கசான் இயக்கத்தில் நாடகம் அரங்கேறியபோது, மேடை வடிவமைப்பாளர் ஜோ மீல்ஸீனர் சட்டகங்கள் மட்டும் தெரியும் ஒரு வீட்டை அமைத்ததும் இதற்காகத்தான். கடந்தகாலமாக நாம் காண்பது வில்லியின் மனம் மெருகேற்றி வைத்திருக்கும் நினைவு என்பதால், அதை நடந்ததற்கான சாட்சியமாக அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

அடுத்து, கையில் பென்சிலை வைத்துக்கொண்டு டாலர் கணக்குகளை எல்லாம் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். இலக்கியம் படிப்பவர்கள் இதை அற்பமான வேலை என்று கருதலாம். எனக்கோ இந்த நாடகத்தின் நெஞ்சே இந்த எண்களில்தான் இருப்பதாகப் படுகிறது. பழைய பயணம் ஒன்றிலிருந்து திரும்பியவுடன் 1,200 டாலருக்கு விற்றதாக மனைவி லிண்டாவிடம் பெருமையாகச் சொல்லும் வில்லி, லிண்டா அதற்கான தரகைக் கணக்கிடத் தொடங்கியதும் படிப்படியாக இறங்கி 200 டாலரில் வந்து நிற்கிறார். முதலாளி ஹோவர்டிடம் வாரச் சம்பளமாக 65 டாலர் கேட்டு, பிறகு 50, பிறகு 40 என்று கெஞ்சியும் வேலையை இழக்கிறார். அதே நாளில் அண்டை வீட்டுச் சார்லி வாரம் 50 டாலருக்கு, ஊர் சுற்றத் தேவையில்லாத வேலை தருவதாகச் சொல்லும்போது மறுத்துவிடுகிறார். ஹோவர்டிடம் கெஞ்சிய 40-ஐயும் சார்லி தருவதாகச் சொன்ன 50-ஐயும் அருகருகே எழுதிப் பார்த்தால், அவர் பட்டது பணத்தட்டுப்பாடு மட்டுமல்ல என்பது விளங்கும். சார்லியிடம் வேலைக்குச் சேர்வது, தாம் வெற்றிகரமான விற்பனையாளர் என்று பிள்ளைகளிடம் இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்த கதை பொய் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும்.

பாஸ்டன் விடுதி அறையில் தந்தையை வேறொரு பெண்ணுடன் பிஃப் கண்டதையே அவன் வாழ்க்கை முறிந்ததற்கான ஒரே காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் பாடத்தில் தோற்றதும், பந்தைத் திருடியதும், அதைக் கண்டிக்க வேண்டிய தந்தை சிரித்து ஊக்குவித்ததும் அதற்கு முந்தையவை. பொருளாதார அமைப்பின் மீது மட்டும் பழியைப் போடுவதும் போதாது. அதே தெருவில், அதே அமைப்புக்குள் வளர்ந்த சார்லியின் மகன் பெர்னார்ட் உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகிறான், அதைத் தன் வாயால் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் பெர்னார்டை வைத்து வில்லிக்குத் தீர்ப்பளித்துவிடவும் முடியாது; 34 ஆண்டுகள் உழைத்த மனிதரைச் சில நிமிடங்களில் வெளியே அனுப்பும் ஹோவர்டின் அறை அங்கே இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாம் அங்கத்தின் இறுதிச் சண்டையை மௌனமாகப் படிக்க வேண்டாம். இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். தந்தை தற்கொலைக்காக ஒளித்துவைத்த ரப்பர் குழாயை மேசை மீது வைக்கும் பிஃப், தானும் தந்தையும் எங்கும் கிடைக்கும் சாதாரண மனிதர்களே என்றும், அந்தப் பொய்க் கனவை எரித்துவிட்டுத் தன்னைப் போகவிடும்படியும் மன்றாடி, கடைசியில் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அந்த அழுகைக்குப் பிறகு சற்று நேரம் நிறுத்துங்கள். மகன் விடுதலை கேட்டு அழுகிறான். தந்தையின் காதில் விழுவதோ, மகன் தம்மை நேசிக்கிறான் என்பது மட்டும். அந்த நேசத்தைக் கண்ட மகிழ்ச்சியிலேயே, பிஃப் பெரிய ஆளாக வருவான் என்ற பழைய எதிர்பார்ப்பு மீண்டும் எழுகிறது. 20,000 டாலர் காப்பீட்டுத் தொகையை அவனுக்கு மூலதனமாக்க வில்லி காரை எடுத்துக்கொண்டு சாவைத் தேடிப் புறப்படுகிறார். இந்த வீட்டில் எதிர்பார்ப்பு என்பது அன்பு பேசிய மொழியாகவே இருந்தது. அதை வெறும் அதிகாரமாகப் படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி மிகையாகத் தோன்றும்.

பின்னர் வரும் கல்லறைக் காட்சியைத் தனியாக, வேறொரு நாளில் படியுங்கள். அடமானத்தின் கடைசித் தவணை கட்டப்பட்ட நாளில், கல்லறையருகே ஐந்து பேர் மட்டும் நிற்கிறார்கள். பிஃப் விலகிப் போக, தந்தையின் கனவை வென்று காட்டப்போவதாகச் சூளுரைப்பவன் இளையவன் ஹாப்பி. அதைப் படித்ததும் முதல் அங்கத்துக்குத் திரும்பி, சிறுவன் ஹாப்பி பேசும் இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள். எல்லோரும் பிஃப்பைச் சூழ்ந்து நிற்க, அவன் தான் மெலிந்திருப்பதைக் கவனித்தீர்களா அப்பா என்று மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருப்பான்.