மழைநீர்க் கால்வாய் திட்டமிடல்: கோடு போடும் முன் தெருவைக் கேளுங்கள்

தெருவில் வெள்ளம் நின்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு கால்வாய் வெட்டிவிடலாமே என்பதுதான். வெட்டுவது எளிது. வெட்டிய கால்வாய் தண்ணீரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், கனமழை நேரத்தில் அந்த இடம் அதை வாங்கிக்கொள்ளுமா என்று பார்ப்பதுதான் கடினம். அதனால் வேலையைக் கடைசி முனையிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: தண்ணீர் வெளியேறும் இடம்

கால்வாய் போய்ச் சேரும் ஆறோ ஏரியோ பெரிய வடிகாலோ மழைக்காலத்தில் எந்த உயரம் வரை நிரம்புகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த மட்டம் உங்கள் கால்வாயின் அடித்தளத்தைவிட மேலே இருந்தால் தண்ணீர் எதிர்த்து ஏறும். ஒருவழிக் கதவு வைத்தால் வெளித் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் பகுதியின் தண்ணீரும் வெளியே போகாது. அதைத் தேக்க ஒரு குட்டையோ, இறைக்க ஒரு பம்போ வேண்டும்.

முதல் கூட்டத்துக்கே கீழ்ப்பகுதி மக்களையும் அழையுங்கள். உங்கள் தெரு சீக்கிரம் வடிந்தால் அந்தத் தண்ணீர் அவர்களிடம்தான் சீக்கிரம் போய்ச் சேரும். வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இவர்களை மறந்த திட்டங்களில்தான்.

படி 2: தெருவின் நினைவைச் சேகரியுங்கள்

"கால்வாய் வேண்டுமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. இப்படிக் கேளுங்கள்: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் வந்தது? சுவரில் எதுவரை ஏறியது? வடிய எத்தனை மணி நேரம் ஆனது?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். மளமளவென்று ஏறி, மழை விட்டதும் இறங்கிவிட்டால் வழியில் எங்கோ குழாயோ வடிகாலோ போதவில்லை என்று சந்தேகிக்கலாம். மெதுவாக ஏறி நாள்கணக்கில் நின்றால், வெளியேறும் இடத்தில்தான் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது வகைக்குக் கால்வாயை அகலப்படுத்திப் பயனில்லை.

வீட்டுக்காரர் காட்டும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, எல்லாக் கோடுகளின் உயரத்தையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து அளந்து எழுதுங்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயே மட்டம் பார்க்கப் போதும். தேங்கிய தண்ணீரின் மேல்மட்டம் அடுத்தடுத்த வீடுகளில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு கோடு மட்டும் 20 செ.மீ. மேலேயோ கீழேயோ நின்றால், அவர் வேறொரு வருட வெள்ளத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

இதைப் பெரிய கூட்டத்தில் செய்ய வேண்டாம். அங்கே உரத்த குரல்தான் கேட்கும். ஐந்தாறு பேராகத் தெருவில் நடந்து கேளுங்கள். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் முதலில் புகுவது அவர்கள் வீட்டில்தான்.

படி 3: எவ்வளவு தண்ணீர்

சிறிய பகுதிக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஓடும் தண்ணீர் (வினாடிக்குக் கன மீட்டர்) = வழிந்தோடும் பங்கு × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. வழிந்தோடும் பங்கு என்பது பெய்த மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பகுதி; கூரைக்கும் தார்ச்சாலைக்கும் 0.8 முதல் 0.95 வரை, வீடும் தோட்டமும் கலந்த பகுதிக்கு 0.4 முதல் 0.6 வரை. 12 ஹெக்டேர், பங்கு 0.6, மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் வினாடிக்கு 1.2 கன மீட்டர்.

புதியவர்கள் தவறுவது மழை வேகத்தில். ஒருநாள் மழை 120 மி.மீ. என்றால் அதை 24-ஆல் வகுத்து மணிக்கு 5 மி.மீ. என்று போட்டுவிடுவார்கள். அப்படிக் கட்டிய கால்வாய் முதல் அடைமழையிலேயே வழியும். பகுதியின் தொலைவான மூலையிலிருந்து தண்ணீர் வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறதோ, அத்தனை நிமிட நேரத்தில் பெய்யும் உச்ச மழையின் வேகத்தை எடுக்க வேண்டும். வானிலைத் துறையின் மழைச்செறிவு அட்டவணையில் அது கிடைக்கும்.

எந்த அளவு மழைக்குக் கட்டுவது என்பதை மக்கள் முன் வைத்து முடிவெடுங்கள். "பத்தாண்டு மழை" என்று சொன்னால் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் 10 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 வருடத்தில் ஒருமுறையாவது மீறப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 96 சதவீதம். நூறாண்டு மழைக்குக்கூட அது 26 சதவீதம்.

படி 4: வடிவமும் இடமும்

கால்வாயின் வாட்டம், அதாவது நீளவாக்கில் சரிவு, 500 மீட்டருக்கு 1 மீட்டர் என்று கொள்வோம். புல் வளர்ந்த மண் கால்வாயில் அடி அகலம் 1 மீட்டர், கரைச்சரிவு 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர், தண்ணீர் ஆழம் 0.72 மீட்டர் இருந்தால், கால்வாயில் ஓடும் நீரைக் கணக்கிடும் மானிங் சூத்திரப்படி வினாடிக்குச் சுமார் 1.2 கன மீட்டர் போகும். அதற்கு மேல் 0.3 மீட்டர் கரை விட்டால் மேல் அகலம் ஏறக்குறைய 4 மீட்டர். தூர்வாரும் வண்டிக்கு ஒரு பக்கம் 3 மீட்டர் வழியும் சேர்த்து 7 மீட்டர். அதே தண்ணீரைச் செங்குத்துச் சுவர் கொண்ட கான்கிரீட் கால்வாயில் 1 மீட்டர் அகலத்திலும் 0.9 மீட்டர் தண்ணீர் ஆழத்திலும் கொண்டுபோகலாம். இடம் மிச்சம்தான். ஆனால் விழுந்த குழந்தை தானாக ஏறி வர முடியாது, தண்ணீரும் கீழ்ப்பகுதிக்கு வேகமாகப் போகும்.

இதைத் தாளில் காட்டினால் யாருக்கும் புரியாது. இரண்டு மாற்றுத் தடங்களுக்கும் முளைக்குச்சி அடித்து, மேல் அகலத்துக்குக் கயிறு கட்டி, ஒரு வாரம் விடுங்கள். வாசலுக்கு எதிரே கயிறு வந்தவுடன்தான் உண்மையான கருத்துகள் வரும்.

படி 5: குறுகும் இடங்கள்

சாலைக்கடியில் போகும் ஒரு குழாய் மொத்தக் கால்வாயையும் வீணாக்கிவிடும். மேலே சொன்ன வாட்டத்தில் 600 மி.மீ. கான்கிரீட் குழாய் நிரம்பி ஓடினாலும் போவது சுமார் 0.27 கன மீட்டர்தான். நமக்குத் தேவையோ 1.2. அங்கே பெட்டிவடிவப் பாலம் வேண்டும். குடிநீர்க் குழாய், மின்கம்பி குறுக்கிடும் இடங்களில் சோதனைக்குழி தோண்டி ஆழம் பாருங்கள். கழிவுநீர் இணைப்பு இருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கோடையில் அது கொசுக் கால்வாய்.

படி 6: கருத்துப் பதிவேடு

ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசைகள் போதும்: கருத்து, அது தகவலா விருப்பமா அச்சமா, எடுத்த முடிவு, காரணம். தகவலைக் களத்தில் சரிபாருங்கள். விருப்பத்தை மாற்றுத் தடத்தோடு ஒப்பிடுங்கள். அச்சத்துக்குத் தடுப்பு, கம்பி, படிக்கட்டு என்று வரைபடத்தில் தெரியும் பதில் வேண்டும். ஏற்க முடியாததற்கும் காரணம் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். தடம் முடிவாகும் முன், வடிவம் தேர்வாகும்போது, ஒப்பந்தம் விடும் முன் என மூன்று முறை கூட்டம் வேண்டும். கடைசிக் கூட்டத்துக்குள் நில உரிமை, அரசு அனுமதி, பொறியாளரின் ஒப்புதல் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

படி 7: தூர்வாருவது யார்

மேலே கணக்கிட்ட மண் கால்வாயில் செடிகள் மண்டினால் அதே ஆழத்தில் போகும் தண்ணீர் 1.2-இலிருந்து 0.75 கன மீட்டருக்கு இறங்கிவிடும். அதனால் மழைக்கு முன் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை எனத் தேதி, பொறுப்பாளர், செலவுக்கணக்கு மூன்றையும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே முதல் மண்வெட்டி இறங்கட்டும்.