பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு

மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் அமைந்த பூங்கா. பணி ஓய்வுக்குப் பிறகு, 66 வயதில், அங்கேதான் நடக்க ஆரம்பித்தேன். முதல் நாளே இளவயதுக்காரர்களோடு சேர்ந்து ஐந்து சுற்று போய்விட்டேன். மறுநாள் வலது முழங்கால் வீங்கி, பத்து நாள் வீட்டோடு கிடந்தேன். அதிலிருந்து சுற்றுக் கணக்கை விட்டுவிட்டுப் பெஞ்சுக் கணக்குக்கு வந்தேன். புதிதாக நடக்க வரும் நம் வயதுக்காரர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

முதல் வாரம் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை நடங்கள். அங்கே உட்காருங்கள். மூச்சு சீரானதும் அடுத்த பெஞ்சுக்குக் கிளம்புங்கள். பத்து நிமிடம் போதும். மறுநாள் காலையில் மூட்டு வலி கூடாமல் இருந்தால் சரியான அளவு என்று அர்த்தம். அடுத்த வாரம் ஒரு பெஞ்சைத் தாண்டிப் போய் உட்காருங்கள். மூன்று மாதத்தில் நான் அரை மணி நேரம் உட்காராமல் நடந்தேன்.

வேகத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 65 வயது தாண்டியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிடம் இந்த வேகத்துக்குத்தான். நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நடந்து முடித்ததும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பெஞ்சில் இன்னும் வேலை இருக்கிறது. கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். அப்புறம் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள்; காலை மாற்றுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது இதைச் செய்யுங்கள். குளியலறையில் கால் வழுக்கும்போதும் பஸ் படியில் இறங்கும்போதும் நம்மைத் தாங்குவது தொடையின் பலமும் இந்தச் சமநிலையும்தான். நடை மட்டும் அதைத் தராது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆயிற்று.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலைந்து சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வாங்குங்கள். அதையும் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். பாதம் மரத்துப்போனவர்கள் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்க்காமல் காலை நுழைக்கக் கூடாது. நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ போனாலோ, அப்படியே உட்கார்ந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெண்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று பயந்து பலர் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். சித்திரை, வைகாசியில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முதல் நாளே காவலாளியிடம் கேளுங்கள். அது திறந்த பிறகே வீட்டிலிருந்து கிளம்புங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு.

ஐப்பசி, கார்த்திகையில் நடைபாதைக் கல்லில் பாசி பிடிக்கும், ஈரச் சருகு வழுக்கும். அந்த மாதங்களில் நான் நன்றாக விடிந்த பிறகு, ஏழு மணிக்குத்தான் போகிறேன். விடாமல் மழை பெய்யும் நாட்களில் சாப்பாட்டு மேசை நாற்காலியே எனக்குப் பெஞ்சு.