மின்னஞ்சல் குழுவையும் இணைய மன்றத்தையும் இணைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

திறமூல மென்பொருள் திட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. பழைய உறுப்பினர்கள் மின்னஞ்சல் குழுவை விட்டு அசைய மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களோ மன்றத்தில் கணக்குத் தொடங்கி, கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். விடை தெரிந்தவர் அந்தப் பக்கமே வருவதில்லை. யாராவது ஒரு நல்ல மனிதர் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார், களைத்துப் போகும் வரை. நானும் சில மாதங்கள் அப்படி ஒட்டியிருக்கிறேன்.

குழுவை மெயில்மேனும் மன்றத்தை டிஸ்கோர்சும் நடத்துவதாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன். இரண்டும் திறமூல மென்பொருள்கள்தாம். வேறு மென்பொருள் வைத்திருந்தால் பொத்தான்களின் பெயர் மாறும். வேலை செய்யும் விதம் பெரிதாக மாறாது. உங்களுக்கு வேண்டியவை மூன்று: மன்றத்தின் நிர்வாகி உரிமை, வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு புதிய அஞ்சல் பெட்டி, குழுவை நடத்துபவரின் சம்மதம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழுவின் காப்பகம் உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்திருந்தால், அதை எல்லோரும் படிக்கும் மன்றத்தில் கொட்டுவது நம்பிக்கைத் துரோகம். முதலில் குழுவிலேயே கேட்டுவிடுங்கள்.

இணைப்பு உண்மையிலேயே வேண்டுமா?

மெயில்மேன் 3 பயன்படுத்துபவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். அதனுடன் வரும் ஹைப்பர்கிட்டி என்ற காப்பகப் பகுதி, பார்ப்பதற்கே ஒரு மன்றம்போல இருக்கும். இழைகளை (ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த உரையாடல்களை) உலாவியில் படிக்கலாம், கணக்கு வைத்திருந்தால் அங்கேயே பதில் எழுதலாம். அந்தப் பதில் எல்லோருக்கும் மடலாகப் போய்ச் சேரும். “மின்னஞ்சல் பிடிக்காதவர்களுக்கும் ஒரு வழி வேண்டும்” என்பது மட்டுமே உங்கள் தேவையானால் இத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். இன்னும் மெயில்மேன் 2 பதிப்பில் இருப்பவர்கள் எப்படியும் மாறத்தான் வேண்டும்: அது ஓடுவதற்குத் தேவையான பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது.

ஏற்கெனவே ஆட்கள் புழங்கும் தனி மன்றம் இருக்கிறது, அதை விட முடியாது என்றால் மேலே தொடர்வோம்.

மடல் எப்படி இழையாகிறது?

எந்தப் பொத்தானையும் தொடுமுன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் ‘மெசேஜ்-ஐடி’ என்று ஓர் அடையாளம் இருக்கும். இரண்டு மடல்களுக்கு ஒரே அடையாளம் வராது. நீங்கள் ஒரு மடலுக்குப் பதில் எழுதும்போது, உங்கள் மின்னஞ்சல் செயலி அந்த அடையாளத்தை எடுத்து உங்கள் மடலின் ‘இன்-ரிப்ளை-டு’ வரியில் வைக்கிறது. ‘ரெஃபரன்சஸ்’ என்ற வரியில் அதற்கு முந்தைய மடல்களின் அடையாளங்களும் வரிசையாகச் சேரும். மன்றம் இந்த வரிகளைப் படித்துத்தான் “இது அந்த உரையாடலின் தொடர்ச்சி” என்று கண்டுபிடிக்கிறது.

எனவே, பழைய மடல் ஒன்றைத் திறந்து ‘பதில்’ பொத்தானை அழுத்தி, பொருள் வரியை மாற்றிப் புதிய கேள்வி கேட்பவரின் மடல், மன்றத்தில் பழைய இழையின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். இது மன்றத்தின் பிழையன்று. குழுவில் இந்தப் பழக்கம் இருந்தால், இணைப்பதற்கு முன்பே நயமாகச் சொல்லிவையுங்கள்.

படி 1: சோதனைக் குழு

உண்மையான குழுவில் கைவைக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு சோதனைக் குழுவைத் தொடங்குங்கள். மன்றத்திலும் நிர்வாகிகள் மட்டும் காணும்படி ஒரு பிரிவை உருவாக்குங்கள்.

படி 2: அஞ்சல் பெட்டியைக் குழுவில் சேர்த்தல்

புதிய அஞ்சல் முகவரியைக் குழுவின் சாதாரண உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். உறுதி கேட்டு ஒரு மடல் வரும். அதை நீங்களே பெட்டியைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். மன்றத்தை முதலில் இணைத்துவிட்டால் அந்த மடலையும் மன்றமே அள்ளிக்கொண்டு போய்விடும்.

உறுப்பினர் அமைப்புகளில் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, மடல்கள் தொகுப்பாக வராமல் தனித்தனியே வர வேண்டும். தொகுப்பாக வந்தால் ஒரு நாளின் உரையாடல் முழுவதும் ஒரே பதிவாக வந்து விழும். இரண்டாவது, மெயில்மேன் 2 என்றால், மாதந்தோறும் வரும் கடவுச்சொல் நினைவூட்டலை அணைத்துவிடுங்கள். நாங்கள் மன்றப் பிரிவின் உள்வரும் முகவரியாக (படி 4 பாருங்கள்) குழுவின் முகவரியோடு பெட்டியின் முகவரியையும் கொடுத்து வைத்திருந்தோம். மாதத்தின் 1ஆம் தேதி காலையில் பார்த்தால், குழுவில் அந்தப் பெட்டிக்கு இருந்த கடவுச்சொல் எல்லோரும் படிக்கும் பதிவாக மன்றத்தில் வீற்றிருந்தது.

படி 3: மன்றத்துக்கு மடல் வாங்கக் கற்றுக்கொடுத்தல்

டிஸ்கோர்சின் நிர்வாகப் பக்கத்தில் மின்னஞ்சல் அமைப்புகளுக்குச் செல்லுங்கள். மடல் வழியாகப் புதிய பதிவுகளை ஏற்கும் ‘இமெயில் இன்’ வசதியை இயக்குங்கள். பிறகு ‘பாப்3 போலிங்’ பகுதியில் (பாப்3 என்பது அஞ்சல் பெட்டியிலிருந்து மடல்களை எடுத்துவரும் முறை) அஞ்சல் பெட்டியின் வழங்கிப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுங்கள். பாதுகாப்பான பாப்3 இணைப்புக்கு வழக்கமான போர்ட் எண் 995. மாற்றாமல் விட்டால் மன்றம் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டியை எட்டிப் பார்க்கும். மடல் அனுப்பிய மறுநொடியே பதிவு வரவில்லையே என்று பதற வேண்டாம்.

படி 4: பிரிவின் அமைப்புகள்

பிரிவின் அமைப்புப் பக்கத்தில் மின்னஞ்சல் பகுதி ஒன்று இருக்கிறது. உள்வரும் மடலுக்கான முகவரி கேட்கும் இடத்தில் குழுவின் முகவரியைக் கொடுங்கள். பெட்டியின் முகவரியைக் கொடுக்கத்தான் கை போகும். ஆனால் குழு வழியாக வரும் மடலில் பெறுநர் இடத்தில் இருப்பது குழுவின் முகவரியே. அடுத்து, இந்தப் பிரிவு ஒரு மின்னஞ்சல் குழுவின் பிரதி என்று தெரிவிக்கும் தேர்வுக் கட்டத்தையும், கணக்கில்லாதவர்களின் மடல்களை ஏற்கும் தேர்வுக் கட்டத்தையும் குறியிடுங்கள்.

கணக்கில்லாதவர் எழுதினால் டிஸ்கோர்ஸ் அவர் பெயரில் ஒரு தற்காலிகக் கணக்கைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பின்னாளில் அவர் அதே முகவரியுடன் மன்றத்தில் பதிவு செய்துகொண்டால் பழைய பதிவுகள் அவருடையவையாகவே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கடைசியாக, பிரிவின் உரிமைகளை ‘பார்க்க மட்டும்’ என்று வையுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 5: சோதித்தல்

ஒரு மடல், அதற்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு பதில் என்று அனுப்பிப் பாருங்கள். மூன்றும் ஒரே இழையில் வர வேண்டும். அடுத்து, நிரல் திருத்தம் ஒன்றை மடலின் உடலில் ஒட்டி அனுப்புங்கள். கூட்டல், கழித்தல் குறிகளில் தொடங்கும் வரிகளை வடிவமைப்புக் குறிகள் என்று எண்ணி, டிஸ்கோர்ஸ் புள்ளியிட்ட பட்டியலாக மாற்றிவிடும் ஆபத்து உண்டு. அதையே இணைப்புக் கோப்பாகவும் அனுப்பிப் பாருங்கள். டிஸ்கோர்ஸ் இயல்பாக ஏற்பது படக் கோப்புகளைத்தான். திருத்தக் கோப்புகளின் பின்னொட்டை அனுமதிப் பட்டியலில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

பதிவுகள் எல்லாம் எழுதியவர் பெயருக்குப் பதிலாகக் குழுவின் பெயரிலேயே வந்தால், காரணம் டிமார்க். அனுப்புநர் முகவரி போலியா என்று சோதிக்கும் ஏற்பாடு அது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர்களின் முகவரிக்கு அதைக் கண்டிப்பாக்கியபோது, அவர்கள் குழுக்களுக்கு எழுதிய மடல்கள் பல இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டன. அதைச் சமாளிக்க, அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைக்கும் வசதி மெயில்மேனில் இருக்கிறது. குழு நிர்வாகியிடம் கேளுங்கள்: எல்லா மடலுக்கும் அப்படி மாற்றுகிறதா, கண்டிப்பான முகவரிகளுக்கு மட்டுமா? இரண்டாவது இருந்தால் பெரும்பாலான பெயர்கள் தப்பிக்கும்.

மடல்களின் மேற்கோள் பகுதியையும் பாருங்கள். “இன்னார் எழுதியது” என்ற வரியில் பலருடைய செயலிகள் முழு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துவிடும். டிஸ்கோர்ஸ் மேற்கோளை மடித்து மறைக்க முயலும். எப்போதும் வெற்றி பெறாது.

மன்றத்திலிருந்து குழுவுக்கு?

எல்லோரும் கேட்பது இது. தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. மன்றம் அனுப்பும் மடல்கள் ஒரே முகவரியிலிருந்து போவதால் குழுவில் இருப்பவர்களுக்கு அத்தனை பேரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். அதைவிடக் கொடியது சுழற்சி: மன்றம் குழுவுக்கு அனுப்ப, குழு அதைப் பெட்டிக்கு அனுப்ப, மன்றம் அதைப் புதிய பதிவென்று எண்ணி மீண்டும் அனுப்ப... தன் வழியே ஏற்கெனவே போன மடலை அடையாளம் காண மெயில்மேன் 2 தலைப்பகுதியில் ஒரு முத்திரை குத்துகிறது. ஆனால் மன்றம் அதே செய்தியைப் புதிய மடலாக உருவாக்கி அனுப்பினால் அந்த முத்திரை அதில் இருக்காது. அதனால்தான் பிரிவைப் ‘பார்க்க மட்டும்’ வைக்கச் சொன்னேன். பிரிவின் முதல் பதிவில் குழுவில் சேரும் முறையை எழுதி, அதை மேலே நிறுத்தி வையுங்கள். மன்றத்திலிருந்து எழுதியே ஆக வேண்டும் என்று உறுப்பினர்கள் வற்புறுத்தினால், முழுக் குழுவையும் மன்றத்துக்கு மாற்றுவதைப் பேசத் தொடங்குங்கள்; டிஸ்கோர்சில் முழுவதும் மின்னஞ்சல் வழியாகவே பங்கேற்கவும் வழி உண்டு.

உண்மையான குழுவுக்கு மாறிய பிறகு

பழைய காப்பகத்தையும் கொண்டுவர விரும்பினால், குழு நிர்வாகியிடம் எம்பாக்ஸ் கோப்பை (மடல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கோப்பு) கேளுங்கள். அதை மன்றத்துக்குள் கொண்டுவர டிஸ்கோர்சில் தனி நிரல் இருக்கிறது. மன்றத்தின் நகல் ஒன்றில் ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையான மன்றத்தில் ஓட்டுங்கள்.

முதல் மாதம் முழுவதும் நிர்வாகப் பக்கத்தில் நிராகரிக்கப்பட்ட மடல்களின் பட்டியலைத் தினமும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கும். அந்தப் பட்டியல் காலியாக இருந்து, பிரிவிலும் இரண்டு நாளாகப் புதிய பதிவு இல்லையென்றால் குழுவின் காப்பகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தால், யாரோ அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், அல்லது பெட்டி நிரம்பி மடல்கள் திரும்பத் தொடங்கியதால் மெயில்மேன் அந்த உறுப்பினருக்கு அனுப்புவதை நிறுத்தியிருக்கும். முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.