என்எச்ஐ பற்றிக் கருத்து எழுதப் போகிறீர்களா? பிரிவு எண்ணைப் பிடியுங்கள்

புரட்டாசிச் சனிக்கிழமை பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அண்ணன், என்எச்ஐ, அதாவது நம் தென்னாப்பிரிக்காவின் தேசியச் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் வந்தால், மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீட்டையே மூடிவிடுவார்கள் என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்திலிருந்த அக்கா, "மூடட்டுமே, எங்களுக்கு எப்போது இருந்தது அது?" என்று கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, ஆனால் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். படித்ததை டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஜனங்கள் பயன்படுத்துகிற மாதிரி எழுதுகிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பிரஷர் மாத்திரைக்காக மாதம் ஒருமுறை விடியற்காலை நாலரைக்கு ஃபிளாஸ்க்கில் டீயும் நீலப் பிளாஸ்டிக் பையில் காலி மாத்திரை டப்பாக்களுமாக அரசாங்கக் கிளினிக்குக்குக் கிளம்புவார். ஒரு நாள் பதினொரு மணி வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஃபைலைக் காணோம், புதிது போடுங்கள் என்றார்கள், பத்து வருஷச் சரித்திரம் அதோடு போயிற்று. எனக்கோ மெடிக்கல் எய்ட் இருக்கிறது, மாதாமாதம் பிடிக்கிறார்கள், ஆனால் ஆகஸ்டிலேயே டாக்டர் செலவுக்கான பணம் தீர்ந்துபோகும், அப்புறம் கைக்காசுதான். ஒரே வீட்டில் இரண்டு கஷ்டமும் இருப்பதால் இந்தச் சட்டம் நல்லபடியாக வரவேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பிரிவு 33-இல். சின்னப் பிரிவு, ஐந்து நிமிஷத்தில் படித்துவிடலாம். என்எச்ஐ முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு, அந்தத் திட்டத்துக்கான அரசாங்க நிதியம் பணம் கொடுக்காத சேவைகளுக்கு மட்டும்தான் மெடிக்கல் எய்ட் காப்பீடு தரலாம் என்கிறது. முழுமையாக வந்துவிட்டதா என்பதை யார் சொல்வது? சுகாதார அமைச்சர், அரசிதழில் விதிமுறை வெளியிட்டு. தேதி கிடையாது. "முழுமையாக" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கட்சி தன் ஆட்களிடம் மெடிக்கல் எய்ட் காலம் முடிந்தது என்று பேசலாம், இன்னொரு கட்சி இன்னும் பல வருஷம் ஆகும் பயப்படாதீர்கள் என்று பேசலாம். கட்சிகளின் சமரசம் பெரும்பாலும் இப்படித்தான் சட்டத்துக்குள் வருகிறது, தீர்க்க முடியாததைத் தேதி போடாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான். "என்எச்ஐ வேண்டாம்" என்று எழுதினால் அது எண்ணிக்கையில் ஒன்று, அவ்வளவே. "பிரிவு 33-இல் முழுமை என்பதற்கு அளவுகோல் வையுங்கள், இன்னின்ன சேவை எங்கள் மாகாணத்தில் கிடைக்கும்வரை மெடிக்கல் எய்டைத் தொடாதீர்கள்" என்று எழுதினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் யோசித்தாக வேண்டும்.

அப்புறம் கட்சிகள் எப்படி ஓட்டுப் போட்டன என்பதோடு ஏன் அப்படிப் போட்டன என்பதையும் பாருங்கள். மசோதா 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது, 2023 ஜூனில் தேசியப் பேரவையில் நிறைவேறியது. அப்போது எதிர்க்கட்சிகளாக இருந்த டிஏ (டெமாக்ரடிக் அலையன்ஸ்) எதிர்த்தது, ஈஎஃப்எஃப்பும் (எகனாமிக் ஃப்ரீடம் ஃபைட்டர்ஸ்) எதிர்த்தது, ஆனால் டிஏவுக்குப் பயம் அரசாங்கத்தின் கை ஓங்குகிறது என்று, ஈஎஃப்எஃப்புக்குப் பயம் பணம் தனியாருக்குப் போகிறது என்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு கட்சிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிப் பயனில்லை. அந்த வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இன்னொரு அவையான மாகாணங்களின் பேரவையில் எட்டு மாகாணங்கள் ஆதரித்தன, வெஸ்டர்ன் கேப் மட்டும் எதிர்த்தது. 2024 மே 15 அன்று, தேர்தலுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, அதிபர் ரமபோசா கையெழுத்துப் போட்டார்.

தேர்தல் முடிவு கணக்கையே மாற்றிவிட்டது. 2019-இல் ரமபோசாவின் கட்சியான ஏஎன்சிக்கு 230 இடம். 2024-இல் 159. மொத்தம் 400, பெரும்பான்மைக்கு 201 வேண்டும். சட்டத்தை எதிர்த்த டிஏ 87 இடத்தோடு அதே அரசாங்கத்தில் வந்து உட்கார்ந்தது. கையெழுத்தானதும் சட்டம் ஓட ஆரம்பித்துவிடாது, எந்தப் பிரிவு எப்போது அமலுக்கு வரும் என்பதை அதிபர் தனியாக அறிவிக்க வேண்டும். பேரம் பேச இடம் அங்கே இருக்கிறது.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். நம் நாட்டில் எம்பிக்கள் கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறவர்கள், கட்சியை விட்டால் பதவியும் போய்விடும், கட்சி தாவ இருந்த ஜன்னலையும் 2009-இல் மூடிவிட்டார்கள். ஆகவே ஓட்டெடுப்பு நாளில் ஒரு எம்பியின் மனதை மாற்றுவது நடக்காத காரியம். கட்சிக்குள் முடிவெடுப்பதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். உங்கள் பகுதித் தொகுதி அலுவலகம், அந்தக் கட்சியின் சுகாதாரப் பேச்சாளர், நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவின் செயலாளர், இந்த மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் அனுப்புங்கள்.

கடிதம் இரண்டு பக்கம் போதும். முதல் வரியில் பிரிவு எண், இரண்டாவது வரியில் எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு உங்கள் வீட்டு அனுபவம். தேதி, காத்திருந்த மணி நேரம், கைக்காசு எவ்வளவு கொடுத்தீர்கள், இதெல்லாம் எழுதுங்கள். தமிழை மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனால் அது ஆட்சி மொழி இல்லை, அதனால் வீட்டுப் பெரியவர்கள் தமிழில் சொன்னதைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அனுப்பியதற்கு ரசீது கேளுங்கள். இது வீண் பிடிவாதம் இல்லை. ஜனங்களிடம் சரியாகக் கருத்துக் கேட்கவில்லை என்ற காரணத்துக்காகவே 2006-இல் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டு சுகாதாரச் சட்டங்களைச் செல்லாது என்றது. உங்கள் கடிதம் கோப்பில் இருக்கிறது என்பதே நாளைக்கு ஒரு வழக்கில் பேசும்.

கடைசியாகப் பணம். பிரிவு 49-ஐப் படியுங்கள். சம்பளத்தின் மேல் வரி, வருமான வரியில் கூடுதல், மெடிக்கல் எய்டுக்குக் கிடைக்கிற வரிச்சலுகையை நிதியத்துக்குத் திருப்புவது, மாகாணங்களுக்குப் போகிற பணத்தில் ஒரு பகுதியை மாற்றுவது எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் புதிய வரி வேண்டுமானால் நிதியமைச்சர் தனி மசோதா கொண்டுவர வேண்டும், அதற்கும் ஓட்டு வேண்டும். 2025-இல் வாட் வரியை ஏற்றப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்று ஞாபகம் இருக்கும், கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளாமல் பட்ஜெட் நாளே தள்ளிப்போயிற்று, கடைசியில் வரி 15 சதவிகிதத்திலேயே நின்றது. மேடைப் பேச்சை விட பிப்ரவரி பட்ஜெட்டில் என்எச்ஐக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பாருங்கள், எந்தக் கட்சி எதை விட்டுக்கொடுத்தது என்று அதில் தெரியும்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அதே மண்டபத்தில் பிரிவு 33-ஐயும் 49-ஐயும் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். கிளினிக் அட்டை, மெடிக்கல் எய்ட் கணக்குத்தாள், டாக்டருக்குக் கைக்காசு கொடுத்த ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், பெரியவர்களையும் கூட்டி வாருங்கள். அம்மா தன் பழைய மாத்திரை டப்பாக்களோடு முன்வரிசையில் இருப்பார், அவர் சொல்வதிலிருந்தே முதல் கடிதத்தை எழுதிவிடலாம்.