பிரிந்த பெற்றோர் குழந்தையைப் பார்க்க: ஆணையில் என்னவெல்லாம் எழுதி வாங்க வேண்டும்

"தந்தை நியாயமான நேரங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்." தீர்ப்பில் இந்த ஒற்றை வரி மட்டும் இருந்தால், சீக்கிரமே இருவரும் மறுபடி குடும்ப நீதிமன்ற வராந்தாவில்தான் நிற்பார்கள். எது நியாயமான நேரம் என்பதில்தான் சண்டையே. கஸ்டடி (குழந்தை யாரிடம் வளர்வது) யாருக்கு என்று மல்லுக்கட்டும் நேரத்தில் பாதியையாவது, கிழமை, மணி, இடம் என்று விசிட்டேஷன் (மற்றவர் வந்து பார்ப்பது) விவரங்களை எழுதுவதில் செலவிடுவது நல்லது.

முதலில் இரண்டு தவறான நம்பிக்கைகள். "5 வயது முடிந்ததும் பிள்ளை அப்பாவுக்கு" என்பது ஒன்று. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது. 5 முடிந்தால் தானாகக் கைமாறும் என்று அது எங்கும் சொல்லவில்லை. 13-ஆவது பிரிவின்படி குழந்தையின் நலனே முதன்மை. "இயற்கைக் காப்பாளர் தந்தைதான், தாய்க்கு உரிமை இல்லை" என்பது இரண்டாவது. தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஸ்டடி இல்லாதவர் பெற்றோர் இல்லாதவராக ஆகிவிடுவதும் இல்லை.

எங்கே, எந்த மனு

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் புது வழக்கு தேவையில்லை. இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவின் கீழ் அதே வழக்கில் ஓர் இடைக்கால மனு (ஐ.ஏ.) போதும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் திருமணம் செய்தவர்களுக்கு அது 38-ஆவது பிரிவு; கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 41 முதல் 44 வரையான பிரிவுகள். விவாகரத்து வழக்கே இல்லை, பிரிந்து மட்டும் வாழ்கிறார்கள் என்றால் எந்த மதத்தவரும் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். வக்கீல்கள் ஜி.டபிள்யு.ஓ.பி. என்பது இதைத்தான். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் குடும்ப நீதிமன்றத்தில் போட வேண்டும். அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். பெங்களூரில் படிக்கும் பிள்ளைக்காகத் திருச்சியில் மனுப் போட்டால், அதிகார வரம்பு வாதத்திலேயே பல வாய்தாக்கள் ஓடிவிடும்.

மனுவோடு பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்று, பள்ளியில் வாங்கிய போனஃபைட் (அங்கே படிக்கிறது என்ற சான்று), உங்கள் வேலை நேரத்துக்கான கடிதம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் ஆகியவற்றை வையுங்கள். பிரதான மனுவோடு சேர்த்து, வழக்கு முடியும்வரை குழந்தையைப் பார்க்க இடைக்கால ஆணையும் அன்றே கேளுங்கள். 1890 சட்டத்தில் இதற்கு 12-ஆவது பிரிவு இருக்கிறது. "முடிவாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வருட இடைவெளி போதும், அப்பா அந்நியராகிவிடுவார். அதன்பின் "குழந்தை இவரிடம் போக மறுக்கிறது" என்பதே எதிர்த்தரப்பின் வாதமாக வந்து நிற்கும்.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984-இன் 9-ஆவது பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அதனால் கவுன்சலிங்குக்கோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். அங்கே வெறுங்கையோடு போகாதீர்கள். கீழே சொல்லும் அட்டவணையைத் தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். எழுதி வைத்திருப்பவருடைய தாளிலிருந்துதான் பேச்சு தொடங்கும். வக்கீல் கட்டணம் கட்ட முடியாத பெண்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

அட்டவணை

வயதைப் பார்த்து எழுத வேண்டும். 3 வயதுக்குள் நீண்ட நேரம் வேண்டாம்; வாரம் இரண்டு முறை, 2 மணி நேரம், தூக்க நேரத்தைத் தவிர்த்து, தாய் பக்கத்தில் இருக்க. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. மதுரையில் தாயோடு இருக்கும் 2 வயதுப் பெண் குழந்தையை ஞாயிறுதோறும் கரூருக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்த ஆணையை மாற்றி, மதுரையிலேயே தந்தை வந்து பார்க்கட்டும், தாய் சுமார் 10 அடி தள்ளி இருக்கட்டும் என்றது நீதிமன்றம். பயணம் செய்ய வேண்டியவர் பெரியவர்தான். உங்கள் வரைவிலும் அப்படியே இருக்கட்டும்.

3 முதல் 6 வரை முழுப் பகல். அது சில மாதம் சிக்கலில்லாமல் போனபின் ஓர் இரவு. பள்ளி வயதில் மாதம் இரண்டு வார இறுதிகளும் கோடை விடுமுறையில் பாதியும் என்பதே பெரும்பாலும் நடப்பது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் ஜனவரி முதல் பொதுத்தேர்வு முடியும்வரை சந்திப்பைப் பகலோடு நிறுத்திக்கொள்வதாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வருடம் தேர்வைக் காட்டியே எல்லாச் சந்திப்பும் நின்றுபோகும்.

ஒரு மாதிரி வாசகம்:

"தந்தை ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாயின் குடியிருப்பு வாசலில் குழந்தையை அழைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைப்பார். அந்தச் சனிக்கிழமை பள்ளி வேலைநாளாக இருந்தால், பள்ளி விடும் நேரத்தில் பள்ளியிலிருந்தே அழைத்துக்கொள்வார். எவரேனும் 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் குறுஞ்செய்தியில் தெரிவிப்பார். குழந்தையின் உடல்நலக் குறைவால் சந்திப்பு தவறினால், மருத்துவச் சீட்டின் படத்தை அன்றே அனுப்பி, அடுத்த சனிக்கிழமை ஈடு செய்யப்படும்."

ஐந்தாம் சனிக்கிழமை வரும் மாதத்தில் அது யாருக்கு என்றும் ஒரு வரி சேருங்கள். சனிக்கிழமைப் பள்ளி, ஐந்தாவது வாரம், ஈடு செய்யும் நாள்: தகராறு கிளம்புவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

பண்டிகைக்குத் தேதி எழுத முடியாது, தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஆகவே இரட்டைப்படை ஆண்டில் தீபாவளி தாயிடம், பொங்கல் தந்தையிடம்; ஒற்றைப்படையில் மாற்றி. தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலிலிருந்து தொடங்குவதால், "முந்தின நாள் மாலை 5 முதல் பண்டிகை நாள் மாலை 5 வரை" என்று மணியோடு குறிப்பிடுங்கள். பிறந்தநாளை வீட்டில் நட்சத்திரப்படியும் கொண்டாடுவீர்கள் என்றால் ஒன்று ஒருவருக்கு, இன்னொன்று மற்றவருக்கு எனப் பிரித்துக்கொள்ளலாம். சமரசப் பேச்சில் எளிதாக முடிகிற விஷயம் இது. மொட்டை, காது குத்து, பூப்புனித நீராட்டு போன்ற சடங்குகளுக்கு மற்றவருக்கு 15 நாள் முன்னறிவிப்பும் கலந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்று சேருங்கள். தாத்தா பாட்டி பார்க்கலாமா என்பதையும் எழுத்திலேயே வையுங்கள். "ஆணையில் அப்பா மட்டும்தானே இருக்கிறார்" என்று அவர்களை வாசலில் நிறுத்துவது நடக்கிறது.

போன் தனி விஷயம். பார்க்கும் உரிமையோடு பேசும் உரிமையும் உண்டு, நாளுக்கு 5 முதல் 10 நிமிடமாவது பேச வழி செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "தினமும் இரவு 7.30 மணிக்கு வீடியோ அழைப்பு, 10 நிமிடம், தாயின் எண்ணுக்கு, அருகில் இருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பதிவு செய்யக் கூடாது" என்று கேட்கலாம்.

பள்ளி மதிப்பெண், பெற்றோர் கூட்ட அழைப்பு, மருத்துவ அறிக்கை இருவருக்கும் வர வேண்டும். பள்ளி மாற்றத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாடு போக நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்பனவும் இதே ஆணையில் இடம்பெறட்டும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்காரர்கள் அவசரத்தில் இவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பயம் இருக்கும் இடத்தில்

அடிதடி, குடி, பாலியல் புகார் உள்ள வழக்குக்கு மேலே சொன்ன அட்டவணை பொருந்தாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 21-ஆவது பிரிவில் தற்காலிகக் கஸ்டடி கேட்கலாம். சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் அதை மறுக்கவும் செய்யலாம். இடைவழியாக, நீதிமன்ற வளாகத்தில் கண்காணிப்போடு 1 மணி நேரம் என்று கேட்கலாம். எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனைச் சீட்டு போன்ற ஆதாரம் வேண்டும். ஆதாரமில்லாத புகார் உங்கள் மற்ற வாதங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

மீறினால்

ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருக்க முடியாது. காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்தவும் முடியாது. இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது.

குழந்தையைக் காட்டாத ஒவ்வொரு நாளுக்கும் தேதி, நேரம், அனுப்பிய செய்தி, வந்த பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாசலில் நின்று சத்தம் போட வேண்டாம். அந்த வீடியோதான் எதிர்த்தரப்பின் ஆவணமாகும். இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் அதே நீதிமன்றத்தில் ஆணையை நிறைவேற்றக் கோரும் மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 32-இன்படி சொத்து ஜப்தி, சிவில் சிறைவரை போகலாம். உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு என்றால் மீறல் நடந்த ஒரு வருடத்துக்குள். குழந்தையே வர மாட்டேன் என்று அழுதால் இழுத்துப் போகாதீர்கள். கவுன்சலர் முன்னிலையில் சிறிய சந்திப்புகளாக மாற்றித் தரக் கேளுங்கள். விவரம் தெரிந்த வயதுக் குழந்தை என்றால் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவார். முந்தின நாள் நீங்கள் சொல்லிக்கொடுத்த வசனம் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

குடும்ப நீதிமன்றத்தின் இறுதி ஆணைக்கு மேல்முறையீட்டுக் கெடு 30 நாள். அது தவறினாலும் எல்லாம் போய்விட்டது என்றில்லை: கஸ்டடி ஆணைகள் நிலையானவை அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலை மாற்றம், மறுமணம், பிள்ளை வளர்ந்தது எல்லாமே காரணம்தான். வாய்மொழியாக நீங்களே மாற்றிக்கொண்டால் மட்டும் அதை ஒரு மெமோவாக (எழுத்துக் குறிப்பாக) நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். ஆணை வந்த அன்றே நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு ஜெராக்ஸைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். சனிக்கிழமை மதியம் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு அது தேவைப்படும்.