லினக்ஸில் பிட்காயின் வாலட்: ஒரு சென் போடுவதற்கு முன் ஒத்திகை பாருங்கள்

மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் இருக்கும் என் மாமா ஆசைப்பட்டு லினக்ஸுக்கு வந்தவர் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அவருடைய பழைய மடிக்கணினி 11-ஐ ஏற்கவில்லை. புதிதாக வாங்க மனமில்லாததால் நான் உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். கோயில் அறிவிப்பு தட்டுவது, யூடியூப், நாளிதழ் என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"மாப்ள, என் காயின் உள்ள பூட்டிக்கிச்சு. நீ போட்டுக் குடுத்த லினக்ஸுதான் ஏதோ பண்ணிருச்சு."

நான் தீவுப் பக்கம் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பிட்காயினை வைத்து அனுப்ப உதவும் ஏதோ ஒரு வாலட் செயலியை அவரே இறக்கி, 200 மலேசிய வெள்ளிக்கான பிட்காயினை அதற்கு மாற்றியிருந்தார். மறுநாள் கடவுச்சொல் பிழை என்று சொல்லிவிட்டதாம். காரணம் என்ன என்பதைக் கீழே நான்காம் படியில் சொல்கிறேன். தமிழில் தட்டச்சு செய்யும் யாருக்கும் அது நடக்கும்.

அன்று மாமாவோடு உட்கார்ந்து முதலிலிருந்து செய்த வரிசைதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு எலக்ட்ரம் என்ற வாலட்டை எடுத்துக்கொள்கிறேன். 2011-இல் தாமஸ் வோக்ட்லின் தொடங்கியது, இலவசம், மூலநிரல் திறந்தது, பழைய கணினியிலும் ஓடும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் லினக்ஸில் வரும் சிக்கல்களில் பாதி வாலட்டின் சிக்கலே இல்லை, லினக்ஸின் சிக்கல். அதனால் நீங்கள் வேறு வாலட் வைத்திருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எங்கிருந்து இறக்குவது

உபுண்டுவின் ஆப் சென்டரைத் திறந்து வாலட் என்று தேடாதீர்கள். மாமா செய்தது அதைத்தான். கடையில் இருந்தால் யாரோ பார்த்துச் சரி சொல்லித்தான் வைத்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. 2024 பிப்ரவரியில், ஆப் சென்டர் செயலிகளை எடுக்கும் ஸ்னாப் கடையில் எக்ஸோடஸ் என்ற வாலட்டின் பெயரில் ஒரு போலிச் செயலி இருந்தது. எக்ஸோடஸ் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை நம்பி, வாலட்டுக்கே சாவியான தன் 12 ரகசியச் சொற்களை உள்ளே தட்டிய ஒருவருக்குச் சுமார் 9 பிட்காயின் போனது. அன்றைய விலையில் கிட்டத்தட்ட 4,90,000 அமெரிக்க டாலர்.

எலக்ட்ரம் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியை உலாவியில் நீங்களே தட்டுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம். அங்கே லினக்ஸுக்கு ஆப்இமேஜ் என்று, நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்புச் செயலி இருக்கும். அதையும், அதன் பக்கத்தில் இருக்கும் கையொப்பக் கோப்பையும் சேர்த்து இறக்குங்கள்.

கோப்பு அசல்தானா என்று காட்டுவது கையொப்பம். அதைச் சரிபார்க்க கிளியோபாட்ரா என்ற செயலி உதவும். வாலட்டை உருவாக்கியவரின் பொதுச் சாவியை அதே தளத்திலிருந்து எடுத்து அதில் சேர்த்துவிட்டு, கையொப்பக் கோப்பைத் திறந்தால் போதும். இங்கே ஒரு குழப்பம் வரும். கையொப்பம் சரியாக இருந்தாலும், இந்தச் சாவியை நம்பலாமா என்று தெரியவில்லை என ஓர் எச்சரிக்கை காட்டும். மாமா அங்கேயே நிறுத்திவிட்டார். அந்தச் சாவியை நீங்கள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை என்பதுதான் அதன் பொருள். கோப்பு கெட்டுவிட்டது என்பதல்ல. சாவியின் கைரேகை எண்ணை இன்னொரு இடத்தில், உதாரணமாக எலக்ட்ரமின் மூலநிரல் இருக்கும் கிட்ஹப் பக்கத்தில், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சாவியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் சாவி செய்யலாம். கைரேகை எண் பொருந்தாவிட்டாலோ, கையொப்பமே பொருந்தவில்லை என்று சிவப்பில் சொன்னாலோ கோப்பை அழித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: இரட்டைச் சொடுக்கு, ஒன்றும் நடக்கவில்லை

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களை அதிகம் வெறுப்பேற்றுவது இதுதான். கோப்பை இரண்டு முறை சொடுக்குவீர்கள். சாளரமும் வராது, பிழைச் செய்தியும் வராது. இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, இறக்கிய கோப்புக்கு ஓடும் அனுமதி இல்லை. வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், அதில் நிரலாக இயக்கலாம் என்ற பொத்தானைத் தள்ளுங்கள்.

மற்றொன்று ஃபியூஸ். பழைய முறையில் செய்த ஆப்இமேஜ்களுக்கு லிப்ஃபியூஸ்2 என்ற நூலகம் வேண்டும். உபுண்டு 22.04 முதல் அது கூடவே வருவதில்லை. புதிய ஆப்இமேஜ்கள் சிலவற்றுக்கு அது தேவையே இல்லை என்பதால், முதலில் கோப்பை டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஓட்டிப் பாருங்கள். கோப்பு இருக்கும் கோப்புறையில் வலது சொடுக்கி டெர்மினலைத் திறக்கவும். புள்ளி, சாய்வுக்கோடு, பிறகு கோப்புப் பெயரின் முதல் மூன்று எழுத்து, டேப் விசை. மிச்சப் பெயரை அதுவே நிரப்பும். எண்டர் தட்டினால், வாய்மூடி இருந்த கோப்பு இப்போது காரணம் சொல்லும். ஃபியூஸ் இல்லை என்றால், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஃபியூஸ்2 என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். 24.04-இல் அந்தப் பெயரின் கடைசியில் டி64 சேரும்.

வெறும் ஃபியூஸ் என்று பெயர் கொண்ட பொதியை நிறுவிவிடாதீர்கள். 22.04-இலிருந்து அது அமைப்பின் முக்கியமான பாகங்களைத் தூக்கிவிட்டுத் தான் உட்காரப் பார்க்கும். இணையத்தில் பழைய அறிவுரைகள் பல அதைத்தான் சொல்கின்றன.

இன்னொரு விஷயம். ஆப்இமேஜ் செயலிப் பட்டியலில் தானாக வராது. மாமா டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்யும்போது வாலட்டையும் சேர்த்து அழித்துவிட்டு, பணம் போச்சு என்று ஒருமுறை பதறியிருக்கிறார். பணம் போகாது. செயலி ஓர் இடத்தில், வாலட் கோப்பு வேறோர் இடத்தில். அது ஐந்தாம் படியில் வரும்.

மூன்றாம் படி: விளையாட்டுப் பணத்தில் தொடங்குங்கள்

பிட்காயினுக்கு டெஸ்ட்நெட் என்று ஒரு சோதனை வலையமைப்பு உண்டு. அதன் காசுக்கு மதிப்பில்லை. டெர்மினலில் முன்பு செய்தது போலவே கோப்புப் பெயரை வரவழைத்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு குறுங்கோடு, ஒட்டினாற்போல் டெஸ்ட்நெட் என்று தட்டி ஓட்டுங்கள். சாளரத்தின் தலைப்பிலேயே டெஸ்ட்நெட் என்று இருக்கும். முகவரிகள் டிபி1 என்று தொடங்கும். உண்மையான வலையமைப்பில் பிசி1.

ஸ்டாண்டர்ட் வாலட், புதிய சீட் என்று தேர்ந்தெடுத்தால் 12 ஆங்கிலச் சொற்கள் வரும். வாலட்டைத் திரும்பக் கொண்டுவரும் சாவியான இந்தச் சொற்கள்தான் சீட். பேனாவால் தாளில் எழுதுங்கள். போனில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பாதீர்கள். மாமாவின் கையெழுத்து மருத்துவர் எழுத்து மாதிரி இருக்கும். அதற்கும் வழி இருக்கிறது: அந்தப் பட்டியலில் 2,048 சொற்கள்தான். எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. முதல் நான்கையாவது அச்சு போல எழுதினால் போதும்.

நான்காம் படி: கடவுச்சொல், கூடவே விசைப்பலகை

மாமா கோயில் அறிவிப்புக்காகத் தமிழ்99 விசைப்பலகை வைத்திருந்தார். வாலட் கடவுச்சொல் போட்ட அன்று விசைப்பலகை தமிழில் இருந்தது. பெட்டியில் தெரிவது கறுப்புப் புள்ளிகள் மட்டும்தானே? ஈப்போ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுவதாக நினைத்துக்கொண்டு ஐ, பி, ஓ, எச் விசைகளை அழுத்தினால், உள்ளே போய் விழுவது 'னணடக'. இரண்டு முறை கேட்டபோதும் அதையே போட்டதால் செயலி ஏற்றுக்கொண்டது. மறுநாள் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தது. கடவுச்சொல் பிழை!

நான் போய் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, அவர் சொன்ன அதே விசைகளைத் தட்டச் சொன்னேன். திறந்தது. 200 வெள்ளி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மாமி அந்த நேரத்தில் தேத்தண்ணி கொண்டுவந்ததால் மாமா முகத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ள முடிந்தது.

தமிழ் எண்கள் உள்ள விசைப்பலகை வகையும் லினக்ஸில் இருக்கிறது. அதில் 1 தட்டினால் ௧ விழும். ஆகவே கடவுச்சொல் பெட்டிக்குப் போகுமுன் திரையின் மேல் மூலையில் எந்த மொழி என்று பாருங்கள். விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். கடவுச்சொல்லைக் காட்டும் கண் சின்னம் இருந்தால், ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் டெஸ்ட்நெட்டே. இலவச டெஸ்ட்நெட் காசு தேடி அலைய வேண்டாம், காசே இல்லாமல் செய்யலாம்.

வியூ மெனுவில் முகவரிகள் தாவலைக் காட்டச் சொல்லுங்கள். முதல் முகவரியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாலட்டை மூடுங்கள். கோப்பு மேலாளரில் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குப் போய் கன்ட்ரோல், எச் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியும். அதில் எலக்ட்ரம், அதற்குள் டெஸ்ட்நெட், அதற்குள் வாலட்ஸ். அங்கிருக்கும் உங்கள் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். மறுபடி டெஸ்ட்நெட்டிலேயே செயலியைத் திறந்து, என்னிடம் சீட் இருக்கிறது என்ற வழியில் போய், தாளைப் பார்த்து 12 சொற்களைத் தட்டுங்கள். முதல் முகவரி தாளில் இருப்பதோடு பொருந்துகிறதா? பொருந்தினால் உங்கள் தாள் சரி. அதே 12 சொற்களிலிருந்து அதே வரிசையில் அதே முகவரிகள்தான் பிறக்கும்.

மாமாவுக்கு முதல் தடவை வரவில்லை. ஏழாவது சொல்லையும் எட்டாவதையும் மாற்றி எழுதியிருந்தார். விளையாட்டுப் பணம் என்பதால் சிரித்துக்கொண்டோம்.

இங்கே ஒரு பொறி உண்டு. எலக்ட்ரம் தன் 12 சொற்களுக்குத் தனி முறை வைத்திருக்கிறது. மற்ற பெரும்பாலான வாலட்டுகள் பிஐபி39 என்ற முறையைப் பின்பற்றுகின்றன. சொற்பட்டியல் ஒன்றுதான், கணக்கு வேறு. வேறு வாலட்டின் சொற்களை எலக்ட்ரமில் போட்டால் அடுத்த பொத்தான் உயிர்பெறாமல் நிற்கும். ஆப்ஷன்ஸில் பிஐபி39 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தாளின் மூலையில் எந்த வாலட், எந்த வகைச் சீட் என்று எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: ஒட்டும்போது கவனம்

லினக்ஸில் நகலெடுக்க இரண்டு வழி. கன்ட்ரோல் சி ஒன்று. எழுத்துகளைச் சும்மா தேர்ந்தெடுத்தாலே போதும் என்பது இன்னொன்று. அதை எலியின் நடுப்பொத்தானால் ஒட்டலாம். இரண்டும் வேறு வேறு நினைவகம். முகவரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வழியில் வேறு எதையாவது தெரியாமல் தேர்ந்தெடுத்தால், நடுப்பொத்தான் ஒட்டுவது அந்த இரண்டாவதை. மாமா பிட்காயின் வாங்கும் எக்ஸ்சேஞ்ச் தளத்தின் பக்கத்தில் பழைய முகவரி ஒன்று பக்கத்திலேயே இருந்தது. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி என்றே பழகுங்கள். ஒட்டிய பிறகு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளைப் பாருங்கள். நான் நடுவிலும் நான்கு பார்ப்பேன், பயந்தாங்கொள்ளி என்று மாமா சொன்னாலும்.

திரையில் இருக்கும் கியூஆர் குறியீட்டைச் செயலியால் படிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் உபுண்டுவில் திரையைக் கையாளும் வேலண்ட் காரணம். அதில் ஒரு செயலி மற்றொன்றின் திரையை இஷ்டம்போல் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லதுதான். 24.04-இல் கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையில் பல்சக்கரத்தைச் சொடுக்கி எக்ஸ்ஆர்க் என்ற பழைய முறைக்கு மாற்றலாம். முகவரியை ஒட்டுவதே எளிது.

அலகுகளையும் பாருங்கள். 1 பிட்காயின் 10 கோடி சதோஷி. மில்லி பிட்காயின் என்று காட்டினால் அது ஒரு லட்சம் சதோஷி. ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஒரு சின்ன 'எம்' எழுத்தில் இருக்கிறது. அமைப்புகளில் ஓர் அலகைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

ஏழாம் படி: இப்போது உண்மையாக

டெஸ்ட்நெட் இல்லாமல் செயலியை ஓட்டி, புதிய சீட் எடுத்து, ஐந்தாம் படியை இன்னொரு முறை செய்யுங்கள். இந்தத் தடவை வாலட் கோப்பு எலக்ட்ரம் கோப்புறைக்குள் நேராக வாலட்ஸில் இருக்கும். கீழ் மூலையில் உள்ள வட்டம் பச்சையாக இருந்தால் வலையமைப்போடு இணைந்திருக்கிறது, சிவப்பென்றால் இல்லை. அப்புறம் எக்ஸ்சேஞ்சிலிருந்து, அது அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையை மட்டும் அனுப்புங்கள். எக்ஸ்சேஞ்ச் செக்யூரிட்டீஸ் கமிஷன் மலேசியாவில் பதிவானதா என்று அவர்கள் தளத்துப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் சொந்த வாலட்டுக்கு வந்த பிறகு புகார் செய்ய ஆளில்லை.

பணம் வந்தும் உறுதிப்படவில்லை என்று காட்டும். பரிமாற்றங்களைப் பதியும் பிளாக் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும், சில நேரம் அரை மணியும் ஆகும். செயலியை மூடினாலும் பணம் வந்து சேரும்.

செயலிக்குள்ளேயே புதுப்பிக்கச் சொல்லி இணைப்போடு செய்தி வந்தால் சொடுக்காதீர்கள். 2018 டிசம்பரில் எலக்ட்ரமின் பழைய பதிப்புகளில் திருடர்கள் நடத்திய சேவையகங்கள் அப்படித்தான் செய்தி காட்டிப் போலிப் பதிப்பை இறக்க வைத்தன. முதல் படியைத் திரும்பச் செய்து புதுப் பதிப்பை எடுங்கள்.

மாமா முதலில் அனுப்பியது 50 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். உறுதியாகும்வரை நான் கிளம்பக் கூடாது என்றார். பச்சை டிக் வந்ததும், மாமி காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த டெஸ்ட்நெட் தாளை மாமா எடுத்துக் கிழித்துவிட்டு, உண்மைத் தாளை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். என்னிடம் சொல்லாதீர்கள் மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.