கொடுத்த பிறகும் நிய்யத்தை (எண்ணத்தை)க் காக்க வேண்டும்: ஸதக்காவில் (விருப்பத் தர்மத்தில்) தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரமலான் பிறந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கொடுக்கிற கைகளுக்குப் பஞ்சமில்லை. சூராவில் (சிறு தொழுகை இடத்தில்) காய்ச்சும் கஞ்சிக்கு அரிசி மூட்டை, ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)க் குடிவந்த முதியவர்களுக்கு மளிகைப் பை, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு. மனசாரச் செய்கிறார்கள். ஆனாலும் கொடுத்தது அல்லாஹ்விடம் ஏற்கப்பட்டதா என்ற கவலை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். உமர் (ரலி) அறிவிக்கும் "செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே" என்பதுதான் ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் முதல் ஹதீஸ். நாமோ, காசை நீட்டும் அந்த நிமிடத்தோடு நிய்யத் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கொடுத்துப் பல வருடம் ஆன பிறகும் அது கெட்டுப்போகலாம். வாங்கியவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் அது தெரிந்துவிடும்.

இன்றைக்கு அதிகம் கண்ணில் படுவது படம் எடுக்கும் பழக்கம். ஒரு நோன்பில் தாமான் மண்டபத்தில் மளிகைப் பை கொடுத்தார்கள். ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், டின் பால், சார்டின், பிஸ்கட். காலமெல்லாம் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி பையைப் பிடித்ததும், "இருங்கம்மா, இந்தப் பக்கம் பாருங்க" என்றார் கைப்பேசி வைத்திருந்த தம்பி. பையின் ஒரு காது அம்மாவின் கையில், மறு காது கொடுப்பவர் கையில். படம் ஒழுங்காக விழும்வரை அவர் தம் பக்கத்துக் காதை விடவே இல்லை. அந்த அம்மா முக்காட்டை இழுத்து முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அந்தப் பாதி முகம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. மருமகள் வேலை செய்யும் இடத்தில்கூட யாரோ காட்டிவிட்டார்கள்.

பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும். அடுக்கிவைத்த பைகளைப் படம் எடுங்கள், கடை ரசீதை ஒட்டுங்கள், பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்கி நிர்வாகத்திடம் வையுங்கள். ஏழையின் முகம் எந்தக் கணக்குக்கும் தேவையில்லை. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவன் செல்வந்தன் என்று முஸ்லிம் என்ற நபிமொழி நூலில் வரும் ஹதீஸ் சொல்கிறது. "உனக்காகவே எல்லா வழியிலும் செலவழித்தேன்" என்பான். "பொய் சொல்கிறாய், வள்ளல் என்று பேச வேண்டும் என்பதற்காகக் கொடுத்தாய், அப்படியே பேசியும் விட்டார்கள்" என்று அவனுக்குப் பதில் வரும். பிறகு நரகத்தில் எறியப்படுவான். அவன் கொடுக்காமல் இருந்தவன் அல்ல என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

படத்தைவிட மெதுவாக, ஆனால் ஆழமாக அறுப்பது சொல்லிக்காட்டுதல். உறவுக்காரப் பையனின் படிப்புக்கு உதவியிருப்பார்கள். பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவன் சலாம் சொல்லாமல் நகர்ந்துவிட்டான் என்று, "இவன் யார் காசுல படிச்சான்னு அவங்க அத்தாகிட்ட கேளுங்க" என்பார்கள். பத்து வருடத்து நன்மை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். சொல்லிக்காட்டியும் நோகடித்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்கிறது குர்ஆன் (2:264). மேலே மண் படிந்த வழுக்குப் பாறையில் பெருமழை பெய்து, பாறை வெறுமையாகிவிடுவதை அதே வசனம் உவமையாகச் சொல்கிறது. நன்றி காட்டவில்லை என்று கோபப்படும்போதே, நாம் அல்லாஹ்விடம் கேட்க வேண்டிய கூலியை மனிதனிடம் கேட்கிறோம்.

இதற்கு நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. அவர் செலவு கொடுத்து ஆதரித்து வந்த ஏழை உறவினர் மிஸ்தஹ். அபூபக்ரின் மகளும் நபியின் மனைவியுமான அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு கிளம்பியபோது அதைப் பேசியவர்களில் மிஸ்தஹும் ஒருவர். பெற்ற மகளின் மானத்தைப் பேசியவருக்கு இனி ஒன்றும் தரமாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார். எந்தத் தகப்பனும் அப்படித்தான் சொல்வான். அப்போதுதான் "அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா?" என்று கேட்கும் வசனம் இறங்கியது (24:22). விரும்புகிறேன் என்று சொல்லி உதவியை மறுபடி தொடங்கினார், இனி நிறுத்தவே மாட்டேன் என்றும் சொன்னார்.

அடுத்தது, கடை வைத்திருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. நோன்பு திறக்க ஊருக்கே விருந்து வைக்கிறார் முதலாளி. அதே கடையில் பாத்திரம் கழுவும் பையனுக்குப் போன மாதச் சம்பளம் பாக்கி. ஊரில் இருக்கும் அவன் அம்மா காசு வரும் என்று காத்துக்கொண்டிருப்பார். வேலையாளிடம் முழு வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் நானே எதிரி என்று அல்லாஹ் சொல்வதாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. சம்பளம் கடமை, விருந்து உபரி. கடமையை நிறுத்திவைத்து உபரியைச் செய்கிறவர் யாருடைய பார்வைக்காகச் செய்கிறார் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

ஜகாத் (கடமையான தர்மம்) விஷயத்தில் நிய்யத் சட்டமாகவே வருகிறது. "அவன் கடனாக வாங்கின ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) திரும்பி வராது, ஜகாத்தில் கழித்துக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் (சட்ட வழியின்) வலுவான கருத்துப்படி அது ஜகாத் ஆகாது. கடனை மன்னிப்பது பெரிய நன்மைதான், ஆனால் ஜகாத் தனியாகப் பாக்கி நிற்கும். போன வருடம் அன்பளிப்பாகக் கொடுத்ததை இப்போது ஜகாத் கணக்கில் எழுதுவதும் அப்படித்தான். பித்ராவை (நோன்புப் பெருநாள் தர்மத்தை)ப் பெருநாள் தொழுகைக்கு முன்பே அமிலிடம் (அதை வசூலிப்பவரிடம்) சேர்த்துவிடுங்கள்.

கிழிந்த சட்டையையும் தேதி முடியப்போகிற டின்னையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உங்களுக்கே தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள், அப்படிப்பட்டதைக் கொடுக்காதீர்கள் என்று 2:267 சொல்லிவிட்டது.

நம் ஊர் போன்ற இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே பக்கத்து வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் இந்து. அவர்களுக்குக் கொடுத்தால் நன்மை கிடைக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜகாத்துக்குத் தனி விதிகள் உண்டு. ஸதக்காவுக்கு அந்த வேலி இல்லை. இணைவைக்கும் உறவினர்களுக்குக் கொடுக்கச் சிலர் தயங்கியபோதுதான் 2:272 இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள். அந்த வீட்டு அக்காவிடம் அரிசியைக் கொடுத்துவிட்டு மார்க்கப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். "உங்களிடமிருந்து பிரதிபலனையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை" என்பது அங்கேயும் பொருந்தும் (76:9).

இதையெல்லாம் படித்துவிட்டு, முகஸ்துதி (பிறர் பார்க்கச் செய்வது) ஆகிவிடுமோ என்று பயந்து கையை மூடிக்கொள்வது இன்னொரு தவறு. மக்களுக்காக ஒரு அமலை (நற்செயலை) விடுவதும் முகஸ்துதிதான் என்றார் முற்கால ஞானி ஃபுளைல் இப்னு இயாள். நபி (ஸல்) அவர்களிடம் முளர் கோத்திரத்தார் கந்தல் உடுத்தி வந்து நின்றபோது, கை தாங்காத கனத்தில் ஒரு பையை எல்லார் முன்னிலையிலும் தூக்கிவந்தவர் மதீனாவைச் சேர்ந்த ஓர் அன்ஸாரி. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். உணவும் துணியுமாக இரண்டு குவியல் சேர்ந்தது. ஆகவே சூராவ் கூரைக்குப் பணம் திரட்டும்போது முதல் ஆளாக எழுந்து தொகையைச் சொல்லுங்கள், தவறே இல்லை. கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதானால் மறைத்துக் கொடுப்பதே சிறந்தது என்கிறது 2:271. இஷா (இரவுத் தொழுகை) முடிந்து தெரு அடங்கியதும் தனியாகப் போய், உறையைக் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்பிவிடுங்கள்.